மெமரி கார்டு இல்லாத கேமரா

அன்பிற்குரிய கணவர் எட்மண்ட் அவர்களுக்கு,

காலை உணவான அவல் போஹா அடுப்பின்மீது மூடி வைக்கப்பட்டுள்ளது.

நேற்றுத் தாங்கள், "அரே ஜோஸ்பின், இவ்ளோ பெரிய எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கியும் உன் போட்டோ எல்லாம் ஷேக் ஆகித்தான் வருது. பக்கத்து வீட்டுக் குழந்தையோட ஞானஸ்நானத்துக்கு நீயா போட்டோகிராஃபர்? மானம் போயிரும், நான் வரல!" என்று உரைத்தீர்கள்.

இன்று காலை, உறங்கிக்கொண்டிருந்த தங்களைப் படமெடுத்தேன். ஆகா! மீசையின் ஒவ்வொரு முடியும் தெளிவு. பின்னாலிருந்த அலமாரியோ பனிபோல் மங்கல்! சமையலறையில் தனியே ஆடினேன்.

அப்படம் கணினியில் உள்ளது. கண்டு வியக்க.

கேமராவுடன், ஞானஸ்நானம் நடைபெறும் கட்கி ஆலயத்திற்குச் செல்கிறேன். மெமரி கார்டை வேண்டுமென்றே கணினியில் விட்டுள்ளேன். அஃதின்றி ஒரு படமும் பதிவாகாது. ஆதலால் பத்து மணிக்குள் அதனைத் தாங்களே கொணர்க.

இங்ஙனம்,
ஜோஸ்பின்

பி.கு.: இத்தனை செந்தமிழையும் அகராதியைத் தொடாமலே எழுதினேன்!

மீண்டும் பி.கு.: நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுள்ளேன். மீசையைச் சீவி வருக. குழந்தைக்கும் முன்னர், முதல் படம் தங்களுடையதே.