குதிகால் களிம்பு

ஜனவரி 14, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கடையில் கம்ப்யூட்டர் இன்று ஐந்து முறை நின்றது. பதினோரு நிமிடம் ஓடும், உள்ளே விசிறி கத்தும், திரை கறுத்துவிடும். ஹர்மத்தான் புழுதிக்காற்று ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். காலையில் துடைத்த விசைப்பலகையில் பத்து மணிக்குள் மறுபடி புழுதி.

ஒரு வாத்தியார் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது கம்ப்யூட்டரா, அடுப்பா?" நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கடை முதலாளி பெலிசியா மேடம் சொன்னார்: "அவகிட்ட கேக்காதீங்க சார். அவ வாயைத் திறக்கறதுக்குள்ள மெஷின் இன்னொரு தடவை நின்னுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

ஆயின்போகா அக்காவின் செவிலியர் பள்ளி விண்ணப்பம். மூன்று முறை முயன்றோம். நிரப்பி, சான்றிதழ்களை ஏற்றி முடிக்க இருபது நிமிடம் வேண்டும். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. வீட்டுப் போனில் அந்த விண்ணப்பப் பக்கம் திறப்பதே இல்லை. எங்கள் ஊர் சிரிகுவில் கம்ப்யூட்டர் இருக்கும் கடை இது ஒன்றுதான். கடைசி நாள் 31.

சித்தப்பா சாப்பிடும்போதே சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் ஒண்ணும் ஆகலேன்னா குமாசிப் பட்டணத்துக்குப் போய் சந்தையில சுமை தூக்கட்டும். அவ வயசுப் பொண்ணுங்க எல்லாம் அங்கதான் இருக்காளுங்க."

அக்கா களியைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் படிக்கட்டும் என்றுதான் நான் எட்டாவதோடு நின்றேன். அப்போதும் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 21, செவ்வாய் - சந்தை

ரிப்பேர் பார்க்கும் அத்தாங்கா அண்ணன் வந்தார். விசிறியைக் கழற்றி வாயால் ஊதினார். ஒரு கை புழுதி. "மேடம், உங்க பெட்டிக்குக் காய்ச்சல்."

விசிறிக்குக் கீழே சின்னச் சதுரமாக ஒன்று. அதுதான் மூளையாம். அதன் மேல் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. "பாரு, விசிறிக்கும் இதுக்கும் நடுவுல சூட்டை இழுக்கற களிம்பு காஞ்சு வெடிச்சிருக்கு, உன் குதிகால் மாதிரி. புதுசாப் பூசணும். மூணு நாள்ல அடுத்த சந்தை, அதுக்குப் போல்கா டவுன்ல இருந்து கொண்டு வரேன்."

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஜனவரி 24

சந்தை கூடியது. அண்ணன் வரவில்லை.

ஜனவரி 27, திங்கள்

இன்றும் சந்தை, இன்றும் அண்ணன் வரவில்லை. பாகா ஊரில் அவர் சொந்தத்தில் ஏதோ சாவாம். இன்னும் நான்கு நாள்.

மேடம் வருவதற்கு முன் நானே திறந்தேன். எந்தத் திருகு எங்கே என்று அன்றே பார்த்து வைத்திருந்தேன். பொருக்கைத் துணியால் துடைத்தேன். வீட்டிலிருந்து ஷியா கொட்டை வெண்ணெய் எடுத்துப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் குதிகாலுக்கும் சுளுக்குக்கும் பிறந்த குழந்தை உடம்புக்கும் அதுதானே களிம்பு. நன்றாக வழித்துப் பூசினேன்.

ஐம்பது நிமிடம் ஓடியது! ஐம்பது!

ஜனவரி 28

இன்றும் ஓடியது. மேடம் சொன்னார்: "காத்து குறைஞ்சிருக்கு, அதான்." நான் செய்தேன் என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்கள், நாள் முழுக்க. அக்காவுக்கு ஒரு இருபது நிமிடம் கொடுங்கள் மேடம் - இவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாலை ஆகிவிட்டது.

நாளைக்குக் கேட்கலாம்.

ஜனவரி 29, புதன்

கேட்டேன். மேடம் உடனே சொன்னார்: "உக்காரச் சொல்லு, இதுக்கா இவ்வளவு தயக்கம்?"

பதினாறாவது நிமிடம். கடைசிச் சான்றிதழ் ஏறிக்கொண்டிருந்தது. வெண்ணெய் காய்ச்சும் வாசனை வந்தது. அக்கா கேட்டாள்: "யார் வீட்ல காய்ச்சறாங்க?" திரை கறுத்தது. அதற்குப் பிறகு வரவேயில்லை. பெட்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு. துணியால் துடைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உருகும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் உள்ளங்கையில் உருக்கித்தானே தேய்க்கிறேன்! என்ன களிம்பு அண்ணே - ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

ஜனவரி 31

வண்டிக்காசு நேற்று ராத்திரிதான் கிடைத்தது. இன்று போல்காவுக்குப் போனோம். மூன்று கம்ப்யூட்டர் கடை, மூன்றிலும் கூட்டம். நாங்கள் உட்கார்ந்தபோது விண்ணப்பப் பக்கத்தை மூடிவிட்டார்கள். திரும்பும் வண்டியில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூங்கினாளா, தெரியாது.

பிப்ரவரி 5, புதன் - சந்தை

அத்தாங்கா அண்ணன் வந்தார். ஊசிக்குழல் மாதிரி ஒன்றில் சாம்பல் நிறக் களிம்பு. பெட்டியைத் திறந்து மூக்கை வைத்து மோந்து பார்த்தார். "மேடம், இதுக்குள்ள யாரு சமையல் பண்ணினது? வெண்ணெய் பலகை முழுக்க ஓடியிருக்கு. இனி இது பொழைக்காது." விழுந்து விழுந்து சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த அக்கா வாசலில் நின்றிருந்தாள். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 8, சனி

காலை ஆறு மணி பஸ்ஸில் அக்கா குமாசிக்குப் போனாள். தலையில் வைத்துச் சுமை தூக்க எங்கள் பெரிய அலுமினியத் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே வெண்ணெய் டப்பாவை நீட்டினாள்.

"நீயே வச்சுக்கடி. உன் குதிகால் ரொம்ப வெடிச்சிருக்கு."

வாங்கிக்கொண்டேன்.

திரும்பி நடந்தபோது குதிகால் எரிந்தது. டப்பாவை இன்னும் திறக்கவில்லை.