உவர்த்துறை மழலைச்சாலையின் பட்டுக்கயிறு

கடலும் கடம்பவனமும் காவல் நிற்கும் வெண்கடம்ப நாட்டின் வேந்தர், வரையாது வழங்கும் வண்கையர், திருமுடி இளங்கடம்பர்தம் அடிநிழலில் நின்று, மழலைச்சாலைகளின் காவல் பூண்ட அமைச்சன் சேந்தன் எழிலன், உவர்த்துறைக் கோட்டத் தலைவர் கண்டன் மழவராயருக்கும் அவருடன் வீற்றிருக்கும் ஊரவைப் பெருமக்களுக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் உப்பளங்கள் வெண்மை குன்றாதிருக்க! உங்கள் துறை தேடி வரும் கலங்கள் கரை தவறாதிருக்க! உங்கள் ஊரில் மழலை ஓயாதிருக்க!

மூன்றாம் வாழ்த்தை நெஞ்சறிந்தே சொன்னேன். உங்கள் ஊரில் மழலை ஓய்ந்துகொண்டிருக்கிறது.

காண வாருங்கள், அவையோரே! மெத்தை இருக்கைகளை விட்டெழுந்து, மீன்சந்தையைக் கடந்து, உங்கள் மழலைச்சாலைக்குள் அடி வையுங்கள். உப்பளத்துக்குச் சென்ற தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகள் வரிசை பிசகாமல் அமர்ந்திருக்கக் காண்பீர்கள். சிரிப்பில்லை, சிணுங்கலில்லை, ஒரு சிறுகால் தரையில் தட்டும் ஓசையும் இல்லை. ஒழுங்கென்று மகிழத் தோன்றும். மகிழுமுன் கடைசித் தூணருகே செல்லுங்கள். அங்கே நான்கு வயது நிரம்பாத தித்தன் என்னும் பிள்ளை இடுப்பில் கயிறு சுற்றப்பட்டுத் தூணோடு பிணிக்கப்பட்டிருக்கிறான். கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பட்டு! உடல் நோகாதாம், தடம் விழாதாம், ஆகவே குற்றமில்லையாம். பட்டால் கட்டினால் அது கட்டாகாதா? தடம் விழாத கொடுமைக்குத் தண்டனை இல்லையென்று எந்த அறநூல் எழுதிவைத்தது? திருடனைக் கட்டினாலும் அவன் குற்றத்தை அவனுக்குச் சொல்லிக் கட்டுகிறோம். இந்தப் பிள்ளைக்கு அதையும் சொன்னாரில்லை.

இந்தக் கயிறு எங்கிருந்து வந்தது? ஆண்டுதோறும் மன்னர் உலா வரும்போது நாட்டின் அமைதிமிக்க மழலைச்சாலைக்கு வெண்கொடி வழங்கும் வழக்கத்திலிருந்து வந்தது. அந்த வழக்கத்தை நிறுவிய முன்னோரை நான் பழிக்கவில்லை. பகலில் பிள்ளைகள் அச்சமின்றி அயர்ந்துறங்கும் சாலையே நல்ல சாலை என்று அவர்கள் கருதினர். அந்த உறக்கத்தின் அமைதிக்கே கொடி தந்தனர். நாளடைவில் உறக்கத்தை மறந்தோம், ஓசையின்மையை மட்டும் பிடித்துக்கொண்டோம். உறங்கும் பிள்ளையும் அமைதி, அஞ்சி ஒடுங்கிய பிள்ளையும் அமைதி. வாயிலில் நின்று செவியால் மட்டும் அளப்பவர்க்கு இரண்டும் ஒன்றே!

அச்சாலையின் ஆசிரியை பூதி நங்கை கடந்த கார்காலத்தில் தலைநகருக்கு நடந்தே வந்து என் முன் நின்றாள். தித்தன் கடிக்கிறான், கையில் கிடைத்ததை எறிகிறான், தரையில் புரண்டு தலையை மோதிக்கொள்கிறான் என்றாள். நாற்பது பிள்ளைகளுக்குத் தான் ஒருத்தி என்றாள். முதன்முதல் அவனைக் கட்டியவள் தானே என்றும், கட்டிய அன்று தன் வீட்டில் தனக்குச் சோறு இறங்கவில்லை என்றும் மறைக்காது சொன்னாள். கட்டாதே என்று அறிவுரைப்பார் ஊரெங்கும் உளர், கட்டாமல் என்ன செய்வதென்று காட்டித்தருவார் ஒருவருமிலர் என்று அவள் சொன்னபோது, அவள் குரலில் சினமில்லை, சோர்வே இருந்தது.

ஆகவே அனுபவம் முதிர்ந்த செவிலியர் இருவரை அவளுக்குத் துணையாய் அனுப்பினேன். அவர்கள் அவளைக் குறை சொல்லப் போகவில்லை. அவள் அருகில் அமரப் போனார்கள். பிள்ளை ஏன் கடிக்கிறான் என்று கேட்குமுன், எப்போது கடிக்கிறான் என்று மூவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஊர்ச் சங்கு முழங்கி, ஆட்டம் நின்று, பிள்ளைகள் உணவுக்கு எழும் வேளையிலேயே அவன் வெறிகொண்டான். தாய் வெண்ணியைக் காலையில் உப்பளத்துக்கு அழைத்துப்போவதும் அதே சங்கு! தன் கையிலிருந்ததை உலகம் பிடுங்குகிறது என்பதைச் சொல்ல அவனிடம் சொற்கள் இல்லை, பற்கள் இருந்தன.

அதன்பின், சங்கு முழங்குமுன்னரே பூதி நங்கை அவன் அருகில் குனிந்து, ஆட்டம் முடியப்போகிறது என்று மெல்லச் சொல்லிவைத்தாள். இன்னும் வேண்டும் என்பதற்கு உள்ளங்கையை மார்பில் வைக்கக் கற்றுத்தந்தாள். கிளிஞ்சலை எறியாமல் கீழே வைத்தபோது, வைத்த அக்கணமே அதைச் சொல்லிப் பாராட்டினாள். அவன் அலறியபோது தன் குரலைத் தாழ்த்தினாள். மாயம் ஒன்றும் நிகழவில்லை. சில நாள் நன்றாயிருந்து மறுபடியும் கடித்தான், அவளும் அழுதாள். ஆயினும் கடிப்பது அருகியது. ஒருநாள் தாய் அழைத்துப்போக வந்தபோது, அவன் ஓடிச்சென்று பூதி நங்கை எதிரே நின்று தன் மார்பில் கை வைத்தானாம். அதைச் சொல்லச் சொல்ல அந்தச் செவிலியர் இருவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினர்.

அத்தகைய வேளையில், மழவராயரே, மன்னர் உலா அறிவிக்கப்பட்டது. வெண்கொடி உம் கண்ணில் பட்டது. செவிலியரைத் திருப்பி அனுப்பினீர். யானைப் பாகனுக்கு அங்குசம், ஆசிரியைக்குக் கயிறு, இதற்குத் தாலாட்டுப் படை எதற்கென்று அவையில் நகைத்தீராம். அவையும் உடன் நகைத்ததாம். பாகனும் யானையின் கண்ணைப் பார்த்த பிறகே அருகில் செல்கிறான் என்பதை அங்கே ஒருவரும் நினைவூட்டவில்லை போலும்!

உலாவுக்கு ஒத்திகை என்று சங்கைச் சாலைக்குள்ளேயே கொணர்ந்து ஊதுவித்தீர். முன்கூட்டிச் சொல்வார் இல்லை. அவ்வேளையில் தித்தன் கையிலிருந்த கிளிஞ்சலை அங்கிருந்த உம் பேரன் பறித்தான். பிள்ளைதானே, பறித்தான், அவன்மீதும் எனக்குக் குறையில்லை. தித்தன் என்ன செய்தான்? உடனே கடிக்கவில்லை. உள்ளங்கையை மார்பில் வைத்துக்கொண்டு உம் பணியாளரை ஒவ்வொருவராய்ப் பார்த்தான். கண்டவர் பலர், அதன் பொருள் தெரிந்தவர் எவருமிலர். தெரிந்த பூதி நங்கையை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தீர். அவன் கேட்டான், அவையோரே! கேட்டுக் கிடைக்காத பிறகே கடித்தான். உம் பேரனின் கைக்காயம் எனக்கும் நோகிறது. அதற்கு மருந்திடுங்கள், அவனை மடியில் இருத்தித் தேற்றுங்கள். ஆனால் அந்தக் காயத்துக்கு விலையாக மற்றொரு பிள்ளையைக் கேட்காதீர்கள்.

கேட்டுவிட்டீர்களே! ஆசிரியையைப் பணியிலிருந்து நீக்கினீர். தித்தனை மீண்டும் தூணில் கட்டினீர். நிலக்காற்று எழுந்ததும் முதல் தோணியில் ஏற்றி, அடங்காதாரை அடைக்கும் மணற்றீவுக்கு அனுப்பத் தீர்ப்பெழுதினீர். துறையில் நின்று அழுதால் உப்பளத்தில் வேலை இல்லையென்று தாயை எச்சரித்தீர். அந்த வெண்ணி நேற்று என் வாயிலில் வந்து விழுந்து, உங்களைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லாமல், தீவில் இருப்போர்க்கு அவன் மார்பில் கை வைத்தால் இன்னதென்று தெரியுமா என்று மட்டும் கேட்டாள். அவளை எழுப்பி இருத்திவிட்டு, அக்கணமே வேந்தரிடம் சென்றேன்.

கோட்டைமேல் கொடி கடலை நோக்கித் திரும்பிவிட்டது, அது நிலக்காற்று. இடையாற்றில் வெள்ளம் வடியவில்லை. ஓலை கொண்டுவரும் வீரன் எந்தத் துறையில் கடப்பான், குதிரை தாங்குமா, அவன் உங்கள் வாயிலை அடையுமுன் தோணி பாய் விரித்துவிடுமோ என்று எண்ண எண்ண எழுத்தாணி தடுக்குகிறது.

ஆகவே வேந்தர் திருவாய்மொழிந்த ஆணை இது. தித்தனை மணற்றீவுக்கு அனுப்பும் தீர்ப்பு நீங்கியது. வெண்கொடி வழக்கம் இன்றோடு ஒழிந்தது. உலா வரும் மன்னர் வாயிலில் நின்று செவி சாய்க்கமாட்டார், உள்ளே வந்து தரையில் அமர்வார். பூதி நங்கை மீண்டும் தன் சாலையில் நிற்பாள். அவளுக்குத் துணையாகச் செவிலியர் இருவரும் நிலையாய் அங்கே தங்குவர். நாட்டின் எந்த ஆசிரியையும் தனியே நாற்பது பிள்ளைகளோடு விடப்படலாகாது. உதவி கேட்டு வருபவளைக் குற்றவாளியாய் நிறுத்தலாகாது. பட்டாயினும் பருத்தியாயினும் பிள்ளையைப் பிணிக்கும் கயிறு இனி எந்தச் சாலையிலும் இருக்கலாகாது. வெண்ணியின் உப்பளப் பணியைத் தொடுபவர் வேந்தரின் ஆணையைத் தொட்டவராவார்.

கடம்பமலர் முத்திரை பதித்தேன். வேந்தர் கைச்சாத்தும் உண்டு. ஐயமிருப்பின் பிறகு ஆராய்ந்துகொள்ளுங்கள். அவை கூடட்டும், நாள் பார்க்கட்டும், தலைவர் எழுந்தருளட்டும் என்று காத்திராதீர்கள். இதைப் படிப்பவர் படித்துக்கொண்டிருக்க, கேட்பவர் துறைக்கு ஓடுங்கள்! பாய் விரித்திருந்தால் இறக்குங்கள். தோணி நகர்ந்திருந்தால் விரைகலம் விடுங்கள். விரைகலம் இல்லையேல், உவர்த்துறையின் பெருமக்களே, கடலோரம் பிறந்தவர்கள்தாமே நீங்கள், நீந்துங்கள்!