வெல்டர் வாங்கிய பேர்

என் வீட்டு மகாராணிக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன்.

இங்கே பட்டறையில் பழைய பிக்கப் வண்டி ஒன்றின் உயரத்தைக் குறைத்துத் தாழ்த்தினோம். குலுக்கலைத் தாங்கும் பின்சக்கர ஷாக்குக்கு அளவெடுக்க, என்னைவிட்டால் ஊரிலேயே ஆளில்லை என்று முதலாளி கெஞ்சினார். ஜாக்கியில் தூக்கிவைத்து அளந்தேன். சக்கரம் தொங்கியதால் அளவு கூடிவிட்டது. வாங்கிய ஷாக் நீளம். தரையில் இறக்கியதும் அமுங்க இடமில்லாமல் வண்டி தவளையாய்க் குதித்தது.

“அண்ணே, வண்டி தரையில நிக்கும்போதுல்ல அளக்கணும்!” என்று சிரித்த வெல்டர், குட்டை ஷாக் போட்டுப் பேர் வாங்கிவிட்டான்.

அதுகூடப் போகட்டும். அவன் பெண்டாட்டி நாலு பக்கம் கடிதம் எழுதுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படிக்கிறான். எனக்கு வயிறு எரிகிறது.

நீ ஆறு பக்கம் எழுது. விஷயம் தீர்ந்தால் என்னைப்போல் அளந்துவிடு. கடைசியில் என்னைத் தேடுவதாக ஒரு வரி. அதைமட்டும் சத்தமாகப் படிக்கமாட்டேன்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரன்