தாளாளர் போடும் மாலை

வியாழன் இரவு

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் இரங்கல் கூட்டத்துக்கு, அவள் ஆசிரியையாக இருந்த லாலாகுடா பள்ளியின் தாளாளரே தலைமை தாங்குகிறார். பள்ளி ஆயா ஃபோனில் உறுதி செய்தார். "மாலையும் அவர்தான் போடறாராம், தம்பி. வெக்கமே இல்ல."

அழுத எல்.கே.ஜி. குழந்தையை மடியில் வைத்து "ரோ நக்கோ பேட்டா", அழாதே கண்ணு, என்று அதன் மொழியிலேயே தேற்றிய அம்மாவை, வகுப்பில் ஆங்கிலம் பேசவில்லை என்று வேலையிலிருந்து நிறுத்தியவர் அவர். அதற்குப் பிறகும் அம்மா தினமும் காலையில் பள்ளிக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்த்தரப்பைக் கேட்காமல் நான் எந்தச் செய்தியும் எழுதியதில்லை. இன்று அவரையும் கேட்டேன், ஏன் நிறுத்தினீர்கள் என்று.

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? நீங்க ரெண்டு வார்த்தை நல்லதா பேசுங்க."

பேசுகிறேன் என்றேன்.

நிறுத்தியதற்கான காரணத்தை விடாமல் மறுபடி கேட்டதும், சனிக்கிழமைக்குள் விளக்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் அதை, வராவிட்டால் இன்று சொன்னதை, அம்மாவிடம் படித்தவர்கள் முன்னால் அப்படியே வாசிப்பேன். மாலை அவர் கையில் இருக்கும்போதே.