கடைசி அளவையில் கிளிப் இருந்த விளிம்பு

அனுப்புநர்
ரேமண்ட் ஓல்செவ்ஸ்கி,
அளவுச் சங்கிலிக் குழு (நீக்கப்பட்டவர்),
கிழக்கு 26ஆம் தெரு,
ஈரி, பென்சில்வேனியா.

பெறுநர்
நடுவர் பிரிவுத் தலைவர் அவர்கள்,
பேரேரிகள் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துச் சங்கம்,
கிளீவ்லாந்து, ஒஹாயோ.

பொருள்: 10.1.2016 ஈரி – டேட்டன் ஆட்டம் – கடைசி அளவையில் கோட்டு நடுவர் திரு. கர்டிஸ் ஹால்வர்சன் செய்த பிழை – அதை என் தலையில் கட்டியது – வெளிப்படையான விசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 14.1.2016 (மொத்தம் நான்கு வரிகள்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாக ஈரி மைதானத்தில் சங்கிலிக் குழுவில் கிளிப் மாட்டும் பணியைச் செய்துவந்தேன். பிழைப்புக்கு ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் அளவுச் சோதகராக இருக்கிறேன். தலைமுடி அளவு பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிறவன் நான். என்னைப் பார்த்து அளவு தெரியாதவன் என்று எழுதுவதற்கு முன் தங்கள் அலுவலகம் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

2. இம்மனுவின் நகல் எங்கள் நகரமன்ற உறுப்பினருக்கும் செல்வதால், தங்களுக்குத் தெரிந்ததையே எழுத நேர்கிறது, பொறுத்தருளவும். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாத அணி பந்தை எதிரணியிடம் இழக்கும். முன்னேறியதா என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதபோது, ஓரத்தில் இரு கம்புகளுக்கிடையே இருக்கும் பத்து கஜச் சங்கிலி மைதானத்துக்குள் போகும்; அதுதான் அளவை. அதைப் பிசகாமல் கொண்டுபோகத்தான் கிளிப். மைதானத்தின் குறுக்கே போகும் வெள்ளைக் கோடுகளில் அருகிலுள்ளதன் பின்விளிம்புக்கு (பின்கம்பைப் பார்த்த விளிம்புக்கு) நேராகச் சங்கிலியில் நான் கிளிப்பை மாட்டுவேன். கோட்டு நடுவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, அதே கோட்டின் பின்விளிம்பில் கிளிப்பை வைப்பார். கோட்டின் அகலம் நான்கு அங்குலம். என் மானம் இப்போது அந்த நான்கு அங்குலத்துக்குள் கிடக்கிறது.

3. சம்பவ நாளில் காலையிலிருந்தே ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டியது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் ஐம்பது வினாடி இருக்கையில், 17–20 என்று பின்தங்கியிருந்த ஈரி அணி நான்காவது முயற்சியில் ஓடியது. அளவை கேட்டார்கள். திரு. ஹால்வர்சன் சங்கிலியோடு உள்ளே போனார். பந்து இரண்டு விரல் அகலம் குறைவு என்றார்கள். டேட்டன் அணிக்குப் பந்து போனது, எங்கள் போட்டிப் பருவமும் அத்தோடு முடிந்தது.

4. மறுநாள் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த புகைப்படத்தை இணைத்துள்ளேன். திரு. ஹால்வர்சனின் கையில் உள்ள கிளிப் கோட்டின் முன்விளிம்பில் இருப்பதைக் காணலாம். பின்விளிம்பில் மாட்டியதை முன்விளிம்பில் வைத்தால் சங்கிலி நான்கு அங்குலம் முன்னே தள்ளிப்போகும். பின்விளிம்பிலேயே வைத்திருந்தால் பந்து தாண்டியிருக்கும். இதைப் புரிந்துகொள்ள அளவுச் சோதகர் வேண்டியதில்லை. மறுபார்வைக் கேமராக்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தன, கிளிப்பை எவரும் பார்க்கவில்லை. அது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

5. மேலும், ஆட்டத்துக்கு முன் திரு. ஹால்வர்சன் டேட்டன் பயிற்சியாளரிடம் இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் பேசிச் சிரித்தார். எங்கள் பயிற்சியாளரிடம் கை மட்டும் குலுக்கினார். அவருடைய மகள் டேட்டனில் பல் மருத்துவம் படிப்பதாகவும் விசாரித்து அறிந்தேன். என் மனைவி டோலரஸ், "அடுத்து அவரோட நாய் எந்த ஊர்ல வாங்கினதுன்னும் விசாரிச்சுடுங்க" என்றாள். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை.

6. தங்கள் கடிதம், "கிளிப் மாட்டப்பட்ட இடம் குறித்து நடுவரின் அறிக்கையில் ஐயம் தெரிவிக்கப்பட்டுள்ளதால்" என்னை நீக்குவதாகச் சொல்கிறது. அந்த அறிக்கை எனக்குக் காட்டப்படவில்லை. நடுவரின் தவறை நடுவரே எழுதி, நடுவர் பிரிவே படித்து, நடுவர் பிரிவே மூடி வைத்திருக்கிறது. ஊரிலோ தீர்ப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்து மீன் விருந்தில், என்னோடு பன்னிரண்டு ஆண்டுகள் முன்கம்பு பிடித்த டெர்ரி மலோய் தட்டை நீட்டி, "ரே, இந்த மீன் நாலு இஞ்ச் சின்னதா இருக்கே, நீதான் அளந்தியா?" என்றான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தட்டைத் தொடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். சங்கிலிக் குழுவின் ஆரஞ்சு மேலங்கியை மூன்று நாட்களில் திருப்பி அனுப்பவும் பணித்திருக்கிறீர்கள். அனுப்புவதாக இல்லை.

7. எனவே, (அ) திரு. ஹால்வர்சனின் அறிக்கையை வெளியிடவும், (ஆ) அவரைப் பணியிலிருந்து நீக்கவும், (இ) என்னை மீண்டும் குழுவில் சேர்க்கவும் வேண்டுகிறேன்.

8. இதுவரை எழுதிக் கையொப்பமிடப் பேனாவை எடுத்தபோது டோலரஸ் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "மூணாவது கால்பகுதியில அவரு உங்ககிட்ட வந்து என்னமோ கேட்டாரே. டிவில பார்த்தேன். அது இதுல எங்க?" என்றாள். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றேன். "அப்ப எழுதுறதுல என்ன?" என்று தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாட்கள் அந்தத் தாள் அங்கேயே கிடந்தது.

9. ஆகவே அதையும் எழுதுகிறேன். மூன்றாவது கால்பகுதியிலும் ஈரி அணிக்கு ஓர் அளவை நடந்தது. பந்து ஒரு விரல் அகலம் தாண்டியது. அடுத்த இரண்டாவது முயற்சியில் எங்கள் அணி எல்லையைத் தொட்டுப் புள்ளி எடுத்தது, அரங்கம் அதிர்ந்தது. சங்கிலிக் குழுவினர் உள்ளூர்க்காரர்களாயினும் ஆரவாரம் செய்யக்கூடாது என்பது விதி. பத்தொன்பது ஆண்டுகள் நான் வாயைத் திறந்ததில்லை. அன்றும் திறக்கவில்லை, உள்ளுக்குள் மட்டும் கத்தினேன்.

10. கூச்சல் அடங்கியபின் பணியாளர்கள் ஓரத்தில் கோடுகளின் மேலிருந்த பனியை மட்டும் துடைப்பத்தால் தள்ளினார்கள். அப்போதுதான் கண்டேன். முன்பு கோட்டின் ஒரு விளிம்பு மட்டும் நூலளவுக்குப் பனிக்கு வெளியே தெரிந்திருக்கிறது. பின்விளிம்பு என்று நான் மண்டியிட்டு மாட்டியது முன்விளிம்பு. திரு. ஹால்வர்சன் வழக்கப்படி அதைக் கொண்டுபோய்ப் பின்விளிம்பில் வைத்தார். எங்கள் அணிக்கு நான்கு அங்குலம் இனாமாகக் கிடைத்தது.

11. அவரும் அதே நேரத்தில் அங்கே வந்து நின்றார். "ரே, எந்தப் பக்கம் மாட்டினீங்க?" என்றார். "பின்பக்கந்தான் சார், எப்பவும் போல" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல, ஆனால் பொய்தான். மேலங்கி போய்விடுமோ என்று பயந்தேன். அவர் பனியில் என் முழங்கால் பதிந்த குழியைப் பார்த்தார். குழி முன்விளிம்புக்கு நேராக இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "சரி, ரே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

12. கடைசி அளவைக்கு முன் நான் பனியைக் கையாலேயே வழித்து, கோடு முழுவதையும் பார்த்து, பின்விளிம்பில்தான் மாட்டினேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். இனி என் சத்தியத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தாங்கள்தான் சொல்லவேண்டும். திரு. ஹால்வர்சன் என்னை உரசிக்கொண்டுதான் சங்கிலியை எடுத்தார். இம்முறை எதுவும் கேட்கவில்லை. நான் மறுபடியும் முன்விளிம்பில்தான் மாட்டியிருப்பேன் என்று எண்ணி, என் தவறை ஈடுகட்டுவதாக நினைத்து, கிளிப்பை முன்விளிம்பில் வைத்திருப்பாரோ என்று இப்போது சந்தேகிக்கிறேன். முன்பு இருந்த சந்தேகத்தைவிட இது என்னை அதிகமாக வதைக்கிறது.

13. இதனால் தங்கள் அலுவலகம் தப்பித்துவிட்டதாகக் கருத வேண்டாம். மூன்றாவது கால்பகுதியிலேயே பிழையைக் கண்ட நடுவர் அப்போதே ஆட்டத்தை நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பிழையை இன்னொரு பிழையால் யாருக்கும் தெரியாமல் சரிக்கட்ட அவருக்கு அதிகாரம் இல்லை. அதைத் தெரிந்தும் நான்கு வரிகளில் மூடி வைக்கத் தங்களுக்கும் இல்லை.

14. ஆகவே பத்தி 7இல் உள்ள (ஆ), (இ) கோரிக்கைகளைத் திரும்பப் பெறுகிறேன். (அ) அப்படியே நிற்கிறது. இரு அளவைகளின் ஒளிப்பதிவுகளையும் வெளியிட்டு, திரு. ஹால்வர்சனையும் என்னையும் ஒரே அறையில், பத்திரிகையாளர் முன்னிலையில் விசாரிக்குமாறு வேண்டுகிறேன். முதலில் என்னை விசாரிக்கலாம். பின்னர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: இரண்டாவது முறை ஏன் என்னிடம் கேட்கவில்லை? அவர் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

தங்கள் பதிலை, அது நான்கு வரியாக இருந்தாலும், எதிர்நோக்கும்,

(ஒப்பம்) ரேமண்ட் ஓல்செவ்ஸ்கி

இடம்: ஈரி
நாள்: 26.1.2016

இணைப்பு:
1. பத்திரிகைப் புகைப்படம் – ஒன்று.
2. ஆரஞ்சு மேலங்கி – ஒன்று (துவைத்தது).

நகல்: நகரமன்ற உறுப்பினர், ஈரி.