கிட்டாருக்கு அடித்த கார் பெயிண்ட்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பெயிண்ட் அடித்தது ஒரு வேன் கதவு, இரண்டு பம்பர். மூன்றும் வெள்ளை. கண் கூசுகிறது.

பட்டறையிலிருந்து சீக்கிரம் வீடு திரும்பியது தப்பாய்ப் போயிற்று. என் மனைவி (பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர், எனக்கும் டீச்சரம்மாதான்) உள்ளே மகளோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் பேச்சு காதில் விழுந்தது.

"என் பேஸ் கிட்டாரா? உங்கப்பா பெயிண்ட் அடிச்ச அன்னிக்கே அது செத்துப் போச்சுடி. ஆன் பண்ணாலே கொர்ருன்னு ஒரே இரைச்சல். அவர்கிட்ட உளறித் தொலைச்சிடாதே, மனசு ஒடிஞ்சிடுவார்."

ஒடிந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் வாசித்தவள். நாலு தடிக் கம்பி. கிட்டார் உடம்பு நடுவில் தேன் மஞ்சள், ஓரம் போகப் போகக் கறுப்பு. அவள் வாங்கும்போதே கிழம். அவள் முன்கை உரசி உரசி, மேல் விளிம்பில் ஓரிடத்தில் மரமே தெரியும். கார் பெயிண்டர் கண்ணுக்கு அது என்ன? தேய்மானம். அசிங்கம்.

கல்யாணமான நாலாம் மாதம், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, பழைய நிறத்தைத் தேய்த்தெடுத்து, காருக்கு அடிக்கிற சிவப்பை அடித்து வைத்தேன். நாலு கோட்டு. முகம் பார்க்கலாம்.

"எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

அப்புறம் அவள் வாசித்து நான் கேட்டதே இல்லை. வேலை, குழந்தை, ஆசை போய்விட்டது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பெட்டியைத் திறந்து, "நான் அடிச்சது" என்று பீற்றிக்கொண்டது வேறு! பக்கத்தில் நின்று சிரிப்பாளே, அப்போது என்ன நினைத்திருப்பாள்? அட மடையா.

பழையபடி ஆக்கி அவள் கையில் கொடுக்காவிட்டால் நான் பெயிண்டரே இல்லை. அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

கிட்டாரைப் பட்டறைக்குக் கடத்தியாயிற்று. பெட்டிக்குள் கனத்துக்கு ஒரு கம்பளி.

இசைக்கருவி ரிப்பேர் பார்க்கிறவரைக் கூட்டிவந்தேன். ஒல்லி மனிதர், கடைத்தெருவில் எல்லோரும் அவரைக் 'கம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பார்த்ததும், "எவன் சார் இதை அடிச்சது? கண்ணு தெரியாதவனா?" என்றார்.

"நான்தான்."

கொஞ்ச நேரம் இருமினார். பிறகு கம்பிகளைத் தாங்கும் இரும்புத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். "இதுக்கடியில பொடி ஒயர் ஒண்ணு இருக்கு பாருங்க. இது தகட்டைத் தொட்டாத்தான் இரைச்சல் அடங்கும். நீங்க ஒயரையும் சேர்த்து முழுக்காட்டிட்டீங்களே, தலைவரே! தொடுப்பே இல்ல."

"சரிபண்ண எவ்வளவு நேரமாகும்?"

"பெயிண்டைச் சுரண்டி விட்டா அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷ வேலை. இருபத்தாறு வருஷம் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

மார்ச் 15, சனி

சூடு காட்டிச் சிவப்பை உரித்தேன். பாளம் பாளமாக வந்தது. எவ்வளவு நல்ல வேலை! உரிக்க உரிக்க என்மேலேயே ஆத்திரம்.

உடம்பில் பழைய நிறம் பொட்டுக்கூட மிச்சமில்லை. அன்று அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருக்கிறேன், பாவி. ஆனால் கழுத்தைக் கழற்றினால், அது உட்காரும் குழியில் பெயிண்ட் படாமலிருக்க அன்று நான் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது! மெல்லப் பிரித்தேன். கீழே அதே தேன் மஞ்சள், விரல் நுனி அகலத்துக்கு. போதும். நிறம் சேர்ப்பதுதானே என் பிழைப்பு.

மார்ச் 16, ஞாயிறு

ஏழு கலவை. ஏழும் பச்சையடிக்கிறது.

மார்ச் 22, சனி

மாட்டிக்கொண்டேன். தட்டு வைக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள்: "ஏங்க, கம்பளி எப்போ பேஸ் வாசிக்கக் கத்துக்கிச்சு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், கடைசியில் கத்திவிட்டேன். "சொல்லியிருக்கலாமில்ல? இத்தனை வருஷமா வாய்ல பூட்டா போட்டிருந்தே?"

"அன்னிக்குக் கண்ணாடியில உங்க மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. அவ்வளவு சந்தோஷம். புதுசா கட்டிக்கிட்டவர்கிட்ட எப்படிச் சொல்றது? இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போயிடுச்சு. அப்புறம் சொன்னா, 'ஏன் முன்னாடியே சொல்லல'ம்பீங்க. இதோ, கேட்டுட்டீங்களே."

எழுந்து போய்ப் பொத்தான் டப்பாவை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தாள். பொத்தான்களுக்கு நடுவே பழைய திருகாணிகள், கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு குமிழ்கள். 'துருப்பிடிச்ச சனியன்' என்று நான் அன்று குப்பையில் வீசிவிட்டு, புதுசு மாட்டினேனே, அவையேதான். அம்மா வீட்டிலிருந்து திரும்பியதும் பொறுக்கி வைத்திருக்கிறாள்!

"மோர் ஊத்தட்டுமா?" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

பதினோராவது கலவை. குழியில் வைத்தால் எது பழசு எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. வாடா ராசா!

ஏப்ரல் 6, ஞாயிறு

தேன் மஞ்சள் ஏறிவிட்டது, ஓரக் கறுப்பும். டீச்சரம்மா பட்டறைக்கே வந்து, டயர் மேல் உட்கார்ந்து பார்த்தாள்.

அவளுடைய பழைய ஃபோட்டோவைப் பார்த்து, முன்கை தேய்த்த இடத்தையும் அப்படியே செய்துவிடலாம் என்று உப்புத்தாளை எடுத்தேன். பழையபடி என்றால் முழுக்கப் பழையபடிதானே?

கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை நீங்க தேய்க்கக் கூடாது. அது என் வேலை."

கார் வார்னிஷ் வேண்டாம், அது கல்லு மாதிரி, தேயவே தேயாது என்றார் கம்பி. மரச் சாமானுக்கு அடிக்கிற பழைய காலத்து லாக்கர் மெருகை மெல்லிசாக அடித்தேன். மூன்று கோட்டோடு நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாட்டியாயிற்று. டப்பாவிலிருந்த திருகாணிகள், அதே குமிழ்கள். கம்பி தன் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். டீச்சரம்மா தோளில் மாட்டிக்கொண்டாள். நான் கதவோரம் போய் நின்றேன். பக்கத்தில் நிற்கத் தைரியமில்லை.

சுவிட்சைப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் இல்லை. மின்விசிறி சத்தம்தான் கேட்டது. அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை அவள்!

அப்புறம் தொட்டாள். தரை அதிர்ந்தது. தப்புத் தப்பாக வந்தது. "விரல் மறந்துடுச்சுங்க" என்று சிரித்தாள். நிறுத்தவில்லை. விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

மே 3, சனி

கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். ஒரே மெட்டு, நாற்பது தடவை. பக்கத்து வீட்டுக்காரர் 'போதும்' என்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கேட்டால் கேட்கட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

துடைத்து வைக்கலாமென்று கிட்டாரை எடுத்தேன். மேல் விளிம்பில், அவள் முன்கை படுகிற இடத்தில், பளபளப்பு போய் மங்கத் தொடங்கியிருக்கிறது. பெயிண்டர் கை சும்மா இருக்குமா? பாலிஷ் டப்பாவின் மூடியைத் திறந்தும் விட்டேன்.

"ஏங்க, அதைக் கொண்டாங்க, வாசிக்கணும்" என்று உள்ளேயிருந்து குரல்.

மூடியைப் போட்டேன். கிட்டாரைத் துடைக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.