நல்ல தண்ணீர்க் கிணற்றுக்காரிக்கு

காலையில் ஒரு மழை பெய்து விட்டிருக்கிறது. கல்லுக்கிடங்குப் பக்கமிருந்து அந்த வாடை மறுபடியும் எழும்பி வருகிறது. அழுகலும் எரிந்த பொலித்தீனும் கலந்த வாடை. நீர் இருந்திருந்தால் யன்னலை அடித்துச் சாத்திவிட்டு, "இஞ்சருங்கோ, உந்த மணம் உங்கடை மூக்குக்கு ஏறேல்லையே?" என்று என்மேல் பாய்ந்திருப்பீர், குப்பையைக் கொட்டியவன் நான்தான் என்பது போல. இப்போது யன்னல் திறந்தபடி கிடக்கிறது. எழுந்து போய்ச் சாத்த மனம் வரவில்லை.

மயிலிட்டியில் உவர்த் தண்ணீரோடு வளர்ந்தவர் நீர். கலியாணமாகி இந்த வளவுக்கு வந்த அன்று ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, "உதுக்குள்ளை சீனி போட்டனீங்களோ?" என்று கேட்டீர். உம்முடைய வீட்டார் எனக்குச் சீதனம் தந்தார்கள். நீரோ என்னைக் கேளாமலே என் கிணற்றை எடுத்துக்கொண்டீர். எங்கள் ஒழுங்கையில் மற்ற வீட்டுக் கிணறுகள் எல்லாம் கொஞ்சம் உவர் என்பதால் குடிதண்ணீருக்குச் சனம் எங்களிடம்தான் வரும். பின்னேரத்தில் வாசல் படலையைக் கொளுவக் கூடாது என்பது உம்முடைய சட்டம். கிணற்றடியில் குடங்களும் கதையும் சிரிப்புமாக நீர் நிற்க, தேத்தண்ணீருக்காக நான் உள்ளே காத்துக் கிடப்பேன்.

எங்கள் வீட்டுக்குக் கல் வெட்டிய அந்தக் கிடங்கைப் பட்டணத்துக் குப்பையால் நிரப்ப உழவு இயந்திரங்கள் பெட்டி பூட்டிக்கொண்டு வந்தபோது, ஒழுங்கையில் சந்தோசப்படாதவர் இல்லை. இனி மாரியில் பிள்ளைகள் அதற்குள் விழமாட்டார்கள், நுளம்புக்கடியும் குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். "பாவம், வெய்யிலுக்கை நிக்கிறாங்கள்" என்று குப்பை இறக்கிய பொடியன்களுக்கு நீரே செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தீர். அதுவும் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

நீர் போன பிறகு அந்தப் பின்னேரம் ஒன்றுதான் எனக்கு மிச்சம். உம்மைப் போலக் கதைக்க எனக்கு வராது. தண்ணீருக்குச் சனம் வரும் நேரம் கிணற்றடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். "சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்பார்கள். "ஓம்" என்பேன். ஒரு நாளைக்கு அவ்வளவு கதை எனக்குப் போதுமாக இருந்தது.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து கண்ணாடிப் போத்தலில் எங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து பக்குவமாகத்தான் சொன்னாள். குப்பை மேட்டில் விழும் மழை கறுப்புத் தண்ணீராகக் கீழே இறங்குகிறதாம். வெயிலில் காய்ந்து நொறுங்கிய பிளாஸ்டிக் தூளையும் அது அள்ளிக்கொண்டு வருகிறதாம்.

"மண்ணெண்டால் கொஞ்சமாவது வடிக்கும் ஐயா. இஞ்சை கீழை முழுக்கக் கல்லு. வெடிப்புக்குள்ளாலை நேரை கிணத்துக்கு வந்திடும்."

"கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லையே, பிள்ளை?"

"தெரியாது ஐயா. அதுதான் கஷ்டம்."

"கொதிக்க வைச்சால்?"

"கிருமி சாகும். பிளாஸ்டிக் சாகாதே."

அது உடம்பை என்ன செய்யும் என்று இன்னும் சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் கறுப்புத் தண்ணீரோடு வேறு நஞ்சும் வரும், குடியாமல் விடுவதுதான் நல்லது என்றாள். உம்மைக் கொண்டுபோன வருத்தம் இதனாலோ என்று கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது என்றாள்.

அன்று மத்தியானம் முழுவதும் எனக்குள் ஒரு கள்ள எண்ணம் ஓடியது. இதை நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? சொன்னால் ஒரு சனமும் படலையைத் திறக்காது. பயமாக இருந்தது, உண்மையாகவே பயமாக இருந்தது. வெயில் தாழப் போய்ப் படலையில் நின்றேன். முதலில் பக்கத்து வீட்டுப் புவனா குடத்தோடு வந்தாள்.

"புவனா, இனி இந்தத் தண்ணி எடுக்காதை. பழுதாப் போச்சு."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. அக்கா இருந்தால் தண்ணிக்கு வந்த ஆளை மறிப்பாவே?"

"அவ இருந்தால் எனக்கு முதலே உன்னைக் கலைச்சிருப்பா."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனாள். பிறகு வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். இப்போது ஒழுங்கை முகப்புக்குத் தண்ணீர் பவுசர் லொறி வருகிறது. அவர்களின் கதையும் சிரிப்பும் அங்கேதான். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எனக்கும் கொஞ்சம் கேட்கும்.

கனடாவிலிருந்து மகள் போன் எடுக்கும்போதெல்லாம், "போத்தில் தண்ணிதானே குடிக்கிறியள் அப்பா?" என்று கேட்கிறாள். "ஓம் பிள்ளை" என்கிறேன். பொய். பொழுதுபட்டதும் ஒரு வாளி அள்ளி, அதே செம்பில் வார்த்துக் குடிக்கிறேன். இன்னும் அந்த இனிப்பு அப்படியே இருக்கிறது. குடியாதேங்கோ என்று ஒழுங்கை முழுவதற்கும் நான் சொல்லிவிட்டேன். எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.